மாதர் சங்கமும் தமிழ் அவையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு என்பது ஓர் அமைப்பு தன்னைத் திரும்பிப் பார்க்கும் வேளை. யார் யார் பாடினர், யார் யார் பேசினர் என்று கணக்கெடுக்கும் அவ்வேளையில், யார் பேசவில்லை என்னும் கணக்கையும் உடன் எடுப்பது முறையாகும். அக்கணக்கை எடுப்பதற்குத் துணையாவது, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்ச் சென்னையின் புறத்தே அடையாற்றில் தோன்றிய ஒரு மாதர் சங்கத்தின் வரலாறு. தையலும் எழுத்தறிவும் கற்பிக்கும் மகளிர் கூட்டம் எனத் தொடங்கிய அச்சங்கம், சட்டமன்றத்தின் கதவையும் மருத்துவமனையின் கதவையும் திறந்தது. அது திறவாமல் விட்ட கதவுகளும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

‘சங்கம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணாக்கரின் நினைவுக்கு வருவது புலவர் கூடிய அவையே. அச்சங்கத்தின் பெயரால் அறியப்படும் பாடல்களுள் பெண்பாற் புலவர் பாடியவை பல. ஔவையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் என அப்பெயர்கள் நீளும். பின்னர்க் காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் தமிழுக்குக் கிடைத்தனர். எனினும் இவர்களுக்குப் பின் வந்த நெடுங்காலத்தில், பெண்கள் பலராகக் கூடியிருந்து, தம் கருத்தைத் தாமே எடுத்துரைத்து, முடிவெடுத்து, அதனைப் பதிவு செய்யும் அவை ஒன்று இருந்ததாக இலக்கிய வரலாறு எடுத்துக்காட்டுவதில்லை. பாடிய பெண் தனித்தே பாடினாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெண்களுக்கான தமிழ் இதழ்கள் தோன்றின. ‘பெண்மதி போதினி’ 1891இல் வெளிவந்தது. 1905இல் தொடங்கிய ‘சக்கரவர்த்தினி’க்குப் பாரதியார் ஆசிரியராக விளங்கினார். இவ்விதழ்கள் பெண்களை வாசகர் ஆக்கின. ஆனால் வாசகர் என்பார் தனித்திருந்து படிப்பவர். அவரைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுபவராக ஆக்குவதற்கு வேறொன்று வேண்டியிருந்தது. அவ்வேறொன்றே மாதர் சங்கம்.

அடையாறு: ஆற்றுக்கு அப்பால் ஒரு புறநகர்

1882இல் பிரம்மஞான சபையினர் அடையாற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்னும் இடத்தை வாங்கிக் குடியேறினர். அன்று அது நகரைச் சேராத தோப்பும் துரவுமான பகுதி. சபை வளரவளர அதனைச் சுற்றி வீடுகளும் கல்விக்கூடங்களும் எழுந்தன. பிற மாகாணத்தாரும் பிற நாட்டாரும் வந்து தங்கினர். பழைய ஊர்க் கட்டுப்பாடுகள் முழுமையாக வேர்கொள்ளாத இத்தகைய புதுக்குடியிருப்பில் புதிய பழக்கங்கள் எளிதில் இடம்பெறுவது இயல்பு. 1917ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் இந்திய மாதர் சங்கம் அங்குத் தோன்றியது.

அதன் முதல் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார். செயற்பாட்டின் சுமையைத் தாங்கியவர்கள் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, ஹீராபாய் டாட்டா முதலியோர். அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் கசின்ஸ் தம் நாட்டில் பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். 1915இல் இந்தியாவுக்கு வந்து, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில் கணவருடன் பணியாற்றினார். 1919இல் தாகூர் அங்கு வந்து தங்கியபோது ‘ஜன கண மன’ பாடலின் இசைக்குச் சுரக்குறிப்பு எழுதியவர் இவரே என்பது கவிஞர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி.

மதனப்பள்ளியில் மகளிர் கூடிய அமைப்பு ஒன்றின் பெயர் ‘அபலா அபிவர்த்தனி சமாஜம்’. அபலை என்றால் வலிமை அற்றவள் என்பது பொருள். வலிமையற்றோரை முன்னேற்றும் சமாஜம் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டு பெண்கள் கூடிய காலம் அது. அடையாற்றில் எழுந்த அமைப்பு அப்பெயரை ஏற்கவில்லை. ‘இந்திய மாதர்’ என்றே தன்னை அழைத்துக்கொண்டது. இரக்கத்தை வேண்டிய பெயர் போய், நாட்டின் பெயரோடு சேர்ந்த பெயர் வந்தது. சொல்லின் நுட்பம் அறிந்த இவ்வவையினருக்கு இம்மாற்றத்தின் ஆழம் விளக்கவேண்டுவதில்லை.

தையலில் தொடங்கியது

சங்கத்தின் கிளைகள் ஊர்தோறும் தனித்தனியே இயங்கின. வயது வந்த பெண்களுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு, தையல், முதலுதவி ஆகியவற்றைக் கற்பிப்பதே அவற்றின் அன்றாட வேலை. இன்று நோக்குவார்க்கு இவை மிக எளியனவாகத் தோன்றலாம். வீட்டை விட்டு வெளியே செல்லும் உரிமையே கேள்விக்குரியதாக இருந்த காலத்தில், தையல் வகுப்பு என்ற காரணம் யாரும் மறுக்க இயலாத காரணமாக அமைந்தது. ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு வந்தவர் நாற்காலியில் அமர்ந்தார். அருகில் வேறு குடும்பத்துப் பெண் இருந்தார். செய்தித்தாள் படிக்கப்பட்டது. ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, வேறொருவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதினார். அவை நடத்தும் கலை இவ்வாறு கைவந்தது.

சங்கம் தோன்றிய அடுத்த மாதமே, 1917 ஜூனில், அதன் தலைவர் பெசன்ட் அம்மையார் தன்னாட்சி இயக்கத்தின் பொருட்டு உதகையில் காவலில் வைக்கப்பட்டார். பிறந்த சில வாரங்களிலேயே தலைவரை இழந்து நின்ற அமைப்பு கலைந்துவிடவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள், சென்னைக்கு வந்த இந்திய அமைச்சர் மான்டேகுவையும் வைசிராய் செம்ஸ்போர்டையும் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சந்தித்தது. வரவிருக்கும் அரசியல் சீர்திருத்தத்தில் ‘மக்கள்’ என்று சொல்லும் இடத்தில் பெண்களும் அடங்குவர் என்பதை ஏற்கவேண்டும் என்பது அக்குழு அளித்த மனுவின் சாரம். சங்கம் தோன்றி எட்டு மாதங்கள்கூட முழுமையாக நிறைந்திராத நேரம் அது.

1918இல் ‘ஸ்திரீ தர்மா’ என்னும் இதழைச் சங்கம் தொடங்கியது. 1921 ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றம் பெண் என்பதனால் வாக்குரிமை மறுக்கப்படலாகாது எனத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதனை முதலிற் செய்தது சென்னையே. 1926இல் பெண்கள் சட்டமன்ற உறுப்பினராகவும் வழி பிறந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா மிகச் சில வாக்குகளில் தோல்வியுற்றார். சங்கத்தின் பரிந்துரையோடு நியமன உறுப்பினராகச் சென்ற மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சட்டமன்றத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஔவையின் பெயரால்

1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வு சங்கத்தின் வரலாற்றோடு பிரிக்க இயலாதது. தேவதாசி முறைக்கு எதிராக அவர் எழுப்பிய குரல் 1929ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திற்கும், இறுதியில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் வழிகோலியது. அவ்வகுப்பைச் சேர்ந்த சிறுமியர் அடைக்கலம் தேடி அவர் வீட்டிற்கு வந்தபோது, விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. ஆகவே 1930இல் தாமே ஓர் இல்லம் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஔவை இல்லம்’. வேந்தர் அவையில் அஞ்சாது நின்று பேசிய புலவரின் பெயர், வாழ இடமின்றி வந்த சிறுமியரின் வீட்டுக்குப் பெயராயிற்று.

அச்சங்கத்தின் மற்றொரு கொடை அடையாறு புற்றுநோய் நிலையம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால், மாதர் சங்கம் திரட்டிய நிதியைக் கொண்டு, 1954இல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கப்பெற்றது. இன்றும் அந்நிலையத்தின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘டபிள்யூ.ஐ.ஏ.’ என்ற எழுத்துகள் நிற்கின்றன. தேனி மாவட்டத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் அந்நிலையத்தை நாடிச் சென்றுள்ளன. அவ்வெழுத்துகள் ஒரு மாதர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம் என்பதை அறிந்தவர் அவர்களுள் மிகச் சிலரே ஆவர்.

திறவாத கதவுகள்

வரலாறு கூறுவோர் புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் தகாது. 1921இல் கிடைத்த வாக்குரிமை சொத்தும் வரியும் உடையாருக்கே உரியதாயிற்று. களையெடுத்த பெண்ணுக்கும் மலைத் தோட்டத்தில் காய் பறித்த பெண்ணுக்கும் அதனால் பயன் இல்லை. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு என்ற நிலை 1951–52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் கூலிப்பெண்ணை எட்டியது.

மொழியும் ஒரு திரையாக நின்றது. ‘ஸ்திரீ தர்மா’ முதன்மையாக ஆங்கில இதழ். தமிழ், தெலுங்கு, இந்திப் பகுதிகள் பின்னர்ச் சேர்ந்தபோதும் சங்கத்தின் சிந்தனை மொழியாக ஆங்கிலமே நீடித்தது. 1936இல் அவ்விதழ் நின்றது. மனு எழுதத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரியாதவர்களுக்காகவும் எழுதினர். அஃது அன்றைய நிலையில் தவிர்க்க இயலாதது எனலாம். ஆயினும் ஒருவருக்காக மற்றொருவர் பேசும்போது, முன்னவரின் சொல் பதிவில் இடம்பெறாமற் போகிறது என்பதையும் மறுக்க இயலாது.

இதற்குத் தேவதாசி ஒழிப்பு விவாதமே சான்று. சட்டம் வரவிருந்தபோது அவ்வகுப்புப் பெண்களும் சங்கமாகக் கூடி, அரசுக்கு மனு அளித்தனர். அவர்களுள் ஒருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தெலுங்குக் கவிஞர் முத்துப்பழனியின் காவியத்தை 1910இல் பதிப்பித்து, அதன் பொருட்டு அரசின் தடையை எதிர்கொண்டவர். திருவையாற்றில் தியாகராசர் சமாதியை எழுப்பியவர். அவர்கள் தம் கலைக்கும் சொத்துரிமைக்கும் வாதாடினர். அதே மரபில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அம்முறையை ஒழிக்க ஊர்ஊராகச் சென்று பேசினார். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலையும் எழுதினார். சட்டம் நியாயமானதே. எனினும் அதனால் வாழ்வு மாறவிருந்த பெண்கள் தமக்குள் ஒரே குரலில் பேசவில்லை என்பதும், அவர்கள் பேசிய இருவேறு குரல்களுமே கேட்கத்தக்கவை என்பதும் இன்று தெளிவாகின்றன. ஒரு சங்கத்தின் பெருமை அது பிறருக்காகப் பேசியதனால் மட்டும் அளக்கப்படுவதில்லை. எத்தனை பேரைத் தம் வாயால் பேசச் செய்தது என்பதாலும் அளக்கப்படும்.

மலையடிவாரத்துச் சங்கங்கள்

இவ்வளவுகோலைக் கையில் ஏந்திப் பள்ளத்தாக்கிற்குத் திரும்பலாம். 1895இல் முல்லைப் பெரியாறு அணை நீரைத் திருப்பியதிலிருந்து இங்குள்ள வயல்கள் பெண்களின் நடவையும் களையெடுப்பையும் நம்பி நிற்கின்றன. போடியில் ஏலக்காயைத் தரம் பிரிப்பவர்கள் பெண்கள். இலவம்பஞ்சில் கொட்டை நீக்குவோரும், திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டுவோரும் பெண்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் குமுளிக்கும் கம்பமெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏறி, இருட்டும் வேளையில் இறங்குவோரும் அவர்களே.

இப்பெண்களின் சங்கம் அடையாற்றிலிருந்து வரவில்லை. தொண்ணூறுகளில் அது வேறு வழியில் வந்தது. 1990இல் மதுரைப் பகுதியில் தொடங்கிய ‘களஞ்சியம்’ என்னும் சிறுசேமிப்புக் குழுக்கள் கடமலைக்குண்டு முதலிய இடங்களுக்கும் பரவின. 1997–98இல் அரசின் மகளிர் திட்டம் மாநிலம் முழுவதும் சுயஉதவிக் குழுக்களைப் பெருக்கியது. பன்னிரண்டு முதல் இருபது பேர் கூடுவர், சேமிப்பைச் செலுத்துவர், கடன் யாருக்கு என்று முடிவெடுப்பர், தீர்மான நோட்டில் கையெழுத்திடுவர். ஊசியும் நூலும் அன்று எவ்வாறு வெளியே வரக் காரணமாயினவோ, அவ்வாறே சேமிப்புப் பணம் இன்று காரணமாயிற்று.

மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கூலி வேலை செய்த சின்னப்பிள்ளை அம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவர். களஞ்சியக் குழுக்களை ஒருங்கிணைத்த அவருக்கு 2001 ஜனவரியில் தில்லியில் ‘ஸ்திரீ சக்தி’ விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், மேடையிலேயே அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஆங்கில மனு எழுதாமலேயே, தம் மண்ணின் தமிழால் அவையை நடத்தியவர் அவர்.

போடிமெட்டுக்கு அப்பால், மூணாறில், 2015 செப்டம்பரில் நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. அங்குத் தேயிலை பறிக்கும் பெண்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழிவந்தவர்கள். 10 விழுக்காடாகக் குறைத்து அறிவிக்கப்பட்ட போனஸை எதிர்த்து, அவர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து அமர்ந்தனர். தமக்காகப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை விலகி நிற்கச் சொன்னார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். முடிவில் 20 விழுக்காட்டுக்கு ஈடான தொகையைப் பெற்றார்கள். 1917இல் டிசம்பர்க் குழு கேட்டது ‘மக்கள்’ என்னும் சொல்லில் ஓர் இடம். 2015இல் இப்பெண்கள் கேட்டது ‘நாங்கள்’ என்று தாமே சொல்லும் உரிமை.

இலக்கிய வட்டத்தின் முன்னுள்ள பணி

இம்மண் தமிழுக்குக் கவிஞர்களைக் குறைவின்றி வழங்கியுள்ளது. போடி மீனாட்சிபுரத்து நா. காமராசன், பெரியகுளத்து மு. மேத்தா, வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து என்று உடனே நாவில் வரும் பெயர்கள் பெருமைக்குரியவை. அவை அனைத்தும் ஆண்களின் பெயர்கள். பண்ணைப்புரத்து வரப்புகளிலும் மலைத் தோட்டங்களிலும் பாடப்பெற்ற பெண்களின் பாட்டு, நாட்டுப்புற இசை என்ற பொதுப்பெயருள் கலந்து, பாடினோர் பெயரை இழந்து நிற்கிறது. வெள்ளிவீதியாரின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகள் காத்த மொழி, நேற்று நடவு நட்டுப் பாடியவளின் பெயரைக் காக்கவில்லை.

இதற்குத் திறமைக் குறைவு காரணம் அன்று. இலக்கியக் கூட்டங்கள் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்குமேல் தொடங்கி இரவு ஒன்பதைத் தாண்டி முடிகின்றன. அது சோறு பொங்கும் வேளை. பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வேளை. சின்னமனூருக்கும் கூடலூருக்கும் பேருந்து குறையும் வேளை. அழைப்பிதழில் ‘அனைவரும் வருக’ என்று அச்சிட்டுவிட்டு, பாதிப் பேர் வர இயலாத நேரத்தை அதன் கீழே அச்சிடுவது முரண். மாதர் சங்கங்கள் வீட்டு வேலை ஓய்ந்த நேரத்தைப் பார்த்துக் கூடக் கற்றவை. இலக்கிய அமைப்புகளும் அதனைக் கற்கலாம்.

எனவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின் முன் மூன்று பணிகள் வைக்கப்படுகின்றன.

ஒன்று, திங்கள்தோறும் ஒரு கூட்டத்தையேனும் ஞாயிறு பிற்பகலில் நடத்துதல். அதனை ஊர்மாற்றி ஊராக, மகளிர் குழுக்கள் கூடும் இடத்திலேயே நடத்துதல்.

இரண்டு, சுயஉதவிக் குழுக்களின் பழைய தீர்மான நோட்டுகளைத் தேடிக் காத்தல். எழுத்துப் பழகிய கையால் ‘இன்று கூடிய கூட்டத்தில்’ என்று தொடங்கும் அப்பக்கங்கள், இப்பள்ளத்தாக்கில் பெண்கள் அவை கூடி எழுதிய உரைநடை. குழு கலைந்தவுடன் அந்நோட்டுகள் பழைய தாள் கடைக்குப் போய்விடுகின்றன. அடையாற்றுச் சங்கத்தின் வரலாற்றை இன்று எழுத முடிகிறது என்றால், அதன் இதழும் அறிக்கையும் காக்கப்பட்டதே காரணம். இங்குள்ள சங்கங்களுக்கு அச்சிட்ட இதழ் இல்லை, அந்நோட்டுகளே உள்ளன.

மூன்று, மூத்த பெண்களின் பாட்டையும் பேச்சையும் அவர்தம் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்து, அவர்கள் இசைவுடன் வட்டத்தின் வெளியீடாகக் கொணர்தல். திருத்தம் என்ற பெயரில் அவர்கள் தமிழைச் செந்தமிழாக்கிவிடாமல் இருத்தல் இப்பணியின் முதல் நெறி.

நிறைவாக

ஒரு மாதர் சங்கத்தால் என்ன ஆகிவிடும் என்று 1917இல் கேட்டவர்கள் உண்டு எனின், அதற்கான விடை அடையாற்றில் மருத்துவமனையாகவும் இல்லமாகவும் நிற்கிறது. மகளிர் குழு என்பது கடன் வாங்கும் இடந்தானே என்று இன்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. அங்கு நிகழ்வது கொடுக்கல் வாங்கல் மட்டுமன்று. பெண் ஒருத்தி எழுந்து நின்று, பிறர் கேட்க, தன் கருத்தைச் சொல்லி அமர்கிறாள். அவையில் பேசும் அப்பழக்கம் இல்லாத இடத்தில் கவிதையும் நெடுநாள் நிற்பதில்லை.

அடுத்த பத்தாண்டு மலரில் இப்பள்ளத்தாக்கின் பெண்கள் எழுதிய பக்கங்கள் பாதியளவேனும் இருக்குமாயின், இவ்வட்டம் தன் பெயருக்கு ஏற்பத் தொடங்கிய இடத்தையும் முடியும் இடத்தையும் ஒன்றாக இணைத்த பெருமை எய்தும். அதற்கான முதற்கூட்டத்தின் நாளை இவ்விழா மேடையிலேயே பொறுப்பாளர்கள் அறிவிப்பார்களாக.